வாக்காளர் இடாப்பும் தோட்டத்துச் சங்கமும்

புதிதாக விடுதலை பெற்ற நாடொன்று மக்களாட்சியை அமைக்கத் தொடங்கும்போது, அறிஞர்களின் கவனம் முதலில் அரசியலமைப்பின்மீதே செல்வது வழக்கம். பாராளுமன்றத்துக்கு ஒரு சபையா, இரு சபைகளா? மந்திரிசபைக்கு எவ்வளவு அதிகாரம்? நீதிமன்றத்தின் எல்லை எதுவரை? இவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி நிற்கிறது. வாக்காளர் இடாப்பிலே எவருடைய பெயர் எழுதப்படும் என்பதே அது. அரசியற் கட்சிகள் அந்த இடாப்பைப் பார்த்துத்தான் பிறக்கின்றன. அதிற் பெயருள்ளவரைத் தேடி அவை வீட்டு வாசலுக்கு வருகின்றன. பெயரில்லாதவருடைய வாசலை அவை மிதிப்பதில்லை.

இவ்வுண்மையை அறியத் தலைநகரத்தின் மண்டபங்களைக் காட்டிலும் மலையகத்தின் கோடியிலுள்ள டயகம போன்ற ஓர் இடமே தக்க இடமாகும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஏறிச் செல்லும் பாதையின் முடிவில், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், டயகமத் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டத்தின் நாள் பிரட்டுக்களத்திலே தொடங்குவது. பனி விலகுமுன்னரே அங்கே ஆட்கள் கூடுவர். வேலைக்கு வந்தவர் பெயர் செக்றோலிலே பதியப்படும். அந்தச் செக்றோலிலே பெயரில்லாத தொழிலாளி தோட்டத்தில் இருந்ததில்லை. பெயரில்லாவிட்டால் அன்றைய சம்பளமில்லை. ஆனால் நாட்டின் மற்றொரு பேரேடாகிய வாக்காளர் இடாப்பிலோ அதே மக்களின் பெயர் ஒரு காலத்தில் எழுதப்பட்டது. பின்னொரு காலத்தில் அழிக்கப்பட்டது. நெடுங்காலம் கழித்துத் திரும்பவும் எழுதப்பட்டது. எழுதியதும் அழித்ததும் மீண்டும் எழுதியதுமான அந்த வரலாறே மலையகத்தின் கட்சி முறை பிறந்து வளர்ந்த வரலாறுமாகும்.

1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இருபத்தொரு வயதடைந்த ஆண்களும் பெண்களும் வாக்களிக்கலாயினர். ஆசியாவிலே இவ்வளவு விரிந்த வாக்குரிமையை இவ்வளவு முன்னதாகப் பெற்ற நாடு வேறில்லை எனலாம். தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் இது நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர் என்பதை அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. அவ்வாறிருந்தும், அவ்வாண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரமும், தலவாக்கலைத் தொகுதியிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். பெரி சுந்தரம் தொழில் இலாகாவுக்குப் பொறுப்பான மந்திரியுமானார்.

இந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. அதனை நேர்மையாகச் சொல்லிவிடுவது முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகக் கண்டிப் பிரதேசத்தின் மலைநிலங்கள் விற்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த சிங்களக் குடியானவர் தங்கள் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தனர். நிலத்தை எடுத்தவன் வெள்ளையன். ஆயினும் அந்நிலத்திலே வேலை செய்தவர் கண்முன் நின்றனர். நிலம் போயிற்று, இனித் தொகுதியும் போய்விடுமோ என்று கிராமத்தவர் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தீர்க்கும் வழி நிலமற்ற குடியானவனுக்கு நிலம் கொடுப்பது. அரசியல்வாதிகள் தேர்ந்துகொண்ட வழியோ, நிலமே இல்லாத தொழிலாளியிடமிருந்து வாக்கைப் பறிப்பது.

அது நிகழுமுன்னர் பதினெட்டு ஆண்டுகள் மலையகம் மக்களாட்சியின் பாலபாடத்தைக் கற்றது. அதனைக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள்ளே கூட்டம் நடத்த நிருவாகம் இடங்கொடாத காலத்தில், 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அவர் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடைகளிலே பாட்டிசைத்துக் கூட்டத்தைத் திரட்டினார். 1936ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பின்னர் 1939ஆம் ஆண்டிலே ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்த சமயத்தில் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் தோன்றியது. அதே 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். சங்கம் என்ற சொல்லுக்கு என்ன விலை என்பதை மலையகம் அன்று அறிந்தது.

இவ்வாறு கட்சி ஒருபுறமும் சங்கம் ஒருபுறமுமாக இரண்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து வளர்ந்தன. சங்கம் சம்பளத்தைப் பேசும். கட்சி சட்டத்தைப் பேசும். இது ஆரோக்கியமான வளர்ச்சி. 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் காங்கிரஸ் சார்பில் வெற்றிபெற்றனர். வேறு பல தொகுதிகளிலே தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணையாயின. சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்திலே, தேயிலைக் கொழுந்து கிள்ளும் கைகள் இட்ட புள்ளடிகளுக்கும் ஓர் இடம் இருந்தது.

அடுத்த ஆண்டிலே நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என்று நிரூபிப்பவருக்கே பரம்பரைப் பிரசாவுரிமையை வழங்கியது. லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவனிடம் பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டிலே இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென மற்றொரு சட்டம் வந்தது. குறித்த காலம் இடைவிடாது வசித்தமைக்குச் சான்று காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 134,000 பேரே. இடையில் ஊருக்குப் போய்வந்தது, கையெழுத்தில்லாதது, பெயரெழுத்து மாறியது என்று தள்ளுதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. அதே 1949ஆம் ஆண்டிலே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரசையல்லாதவர் பெயர் இடாப்பிலே இடம்பெறாதென்று ஆயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, தோட்டத்து லயங்களை நாடி எந்த வேட்பாளரும் வர வேண்டியிருக்கவில்லை.

இங்கே மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தொகுதிகள் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பது. வாக்காளரை எண்ணியன்று, குடிசனத்தை எண்ணியே தொகுதிகள் வகுக்கப்பட்டு வந்தன. ஆகவே மலைநாட்டுக்கு உரிய ஆசனங்கள் தோட்ட மக்களின் தலையையும் சேர்த்தெண்ணிக் கிடைத்தன. அவ்வாசனங்களில் எவர் அமர்வதென்பதைத் தீர்மானிக்கவோ அம்மக்களுக்கு உரிமையில்லை. தலைக்கணக்கில் அவர்கள் இருந்தனர், வாக்குக்கணக்கில் இல்லை. எஞ்சிய கிராமத்து வாக்குக்கோ அதன் இயல்பான நிறையைவிட அதிக நிறை ஏற்பட்டது. அந்த நிறையைத் தங்கள் பக்கம் சாய்க்கவே பெருங்கட்சிகள் இரண்டும் பின்னர் போட்டியிட்டன.

இரண்டாவது, நீதிமன்றத்தின் செய்தி. ஓர் இனத்தாருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டம் செல்லாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அதனை நம்பிக் கோடாக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. 1953ஆம் ஆண்டிலே வந்த தீர்ப்பு, பிரசை யாரென வகுப்பது எந்த அரசுக்கும் இயல்பான உரிமை என்று சட்டங்களை நிலைநிறுத்தியது. எழுதிவைத்த காப்பு, ஏந்தி நிற்கும் அரசியல் பலமில்லாவிடில், தானாக எழுந்து எவரையும் காக்காது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, இந்தச் சட்டங்கள் வடக்கிலும் கட்சிகளைப் பிரித்தன. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்திலே மந்திரியாக இருந்தார். அவரோடு இருந்த சா. ஜே. வே. செல்வநாயகம், தோட்டத் தமிழருக்கு இழைக்கப்பட்டது நாளை ஏனைய தமிழருக்கும் நேரும் என்று கூறிப் பிரிந்து, 1949ஆம் ஆண்டின் இறுதியிலே தமிழரசுக் கட்சியை நிறுவினார். ஆக, மலையில் அழிக்கப்பட்ட பெயர்கள் சமவெளியிலே புதிய கட்சியொன்றின் பிறப்புக்குக் காரணமாயின.

வாக்கிழந்த மக்கள் செய்ததென்ன? 1952ஆம் ஆண்டிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். அதனால் சட்டம் மாறவில்லை. அதன்பின் அவர்கள் கையில் எஞ்சியது சங்கம் ஒன்றே. எந்தச் சட்டமும் செக்றோலிலிருந்து அவர்கள் பெயரை அழிக்க முடியவில்லை. அழித்தால் தேயிலை ஏது? ஆகவே செக்றோலே அவர்களுக்கு வாக்காளர் இடாப்பாயிற்று. மாதச் சந்தா தோட்டத்து ஒபிசிலே சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குச் செல்லும். ஒரு சங்கத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்புபவர் படிவத்திலே கையெழுத்திட்டுக் கொடுப்பார். அந்தப் படிவமே அவருடைய வாக்குச்சீட்டு. தோட்டக் கமிட்டித் தலைவர், அவருக்கு மேல் மாவட்டப் பிரதிநிதி, அவருக்கும் மேல் தலைமைக் காரியாலயம் என்று சங்கம் ஒரு சிறு அரசாங்கம் போல் அமைந்தது. சம்பளத் தகராறு மட்டுமன்று, பிறப்புப் பதிவு, பிரசாவுரிமை விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக்கூடம், குடும்பச் சச்சரவு யாவும் சங்கத்து மேசைக்கே வந்தன. பிற நாடுகளிலே கட்சி வளர்ந்து சங்கத்தை உண்டாக்கும். அல்லது சங்கம் வளர்ந்து கட்சியை உண்டாக்கும். மலையகத்திலோ கட்சிக்குரிய வாசல் அடைபட்டதனாற் சங்கமே கட்சியாகவும் நிற்க நேர்ந்தது.

அந்தச் சங்க உரிமைதானும் எளிதில் நிலைபெறவில்லை. காங்கிரசிலிருந்து ஏ. அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்த 1956ஆம் ஆண்டிலே, டயகமத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. பொலிசார் சுட்டனர்; ஏப்ரகாம் சிங்கோ என்னும் தொழிலாளி மாண்டார். பெயரைக் கேட்டதும் விளங்கும், அவர் சிங்களவர். பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவருக்கு நட்டமொன்றும் இல்லை. அயற்காம்பராத் தொழிலாளிக்கு இல்லாத உரிமை அவருக்கு இருந்தது. எனினும் பிரட்டுக்களத்திலே ஒன்றாக நின்றவர்களுடன் வேலைநிறுத்தத்திலும் அவர் ஒன்றாகவே நின்றார். அரசின் இடாப்பு பிரித்து வைத்த இரு சாராரைச் சங்கத்தின் பட்டியல் ஒன்றாக வைத்திருந்தது. நாட்டின் பெருங்கட்சிகளால் அமைக்க முடியாத ஒரு பொதுமேடை, மலையுச்சியிலுள்ள ஒரு தோட்டத்தில், ஒரு வேலைநிறுத்தத்தின் நாட்களிலே அமைந்திருந்தது. இலங்கையின் கட்சி முறை எவ்வழியிற் சென்றிருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சிறு அடையாளம். அவ்வழியே நாடு செல்லவில்லை.

சங்கம் கட்சியின் இடத்தில் நின்றதனால் விளைந்த குறைகளையும் மறைத்தல் தகாது. வாக்கில்லாத மக்களின் தலைவர் வாக்கைக் காட்டிப் பேரம் பேச முடியாது. வேலைநிறுத்தத்தையும், தம் சொந்தச் செல்வாக்கையும் காட்டியே பேச வேண்டும். 1960ஆம் ஆண்டிலும் 1965ஆம் ஆண்டிலும் தொண்டமான் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். 1970ஆம் ஆண்டில் அஸீஸ் சென்றார். நியமன உறுப்பினரை அனுப்புபவர் வாக்காளரல்லர், ஆட்சியிலிருப்பவர். ஆகவே தலைவர்களின் பார்வை மேல்நோக்கிப் பழகியது. கீழே தோட்டத்திலோ, கொள்கை வேற்றுமையைவிட ஆள் வேற்றுமையே புதிய சங்கங்களுக்குக் காரணமாவது பெருகியது. கொழுந்தெடுக்கும் பெண்கள் சந்தா செலுத்துவோருட் பெரும்பகுதியினர். கமிட்டித் தலைவர் நாற்காலியிலோ பெரும்பாலும் ஆண்களே இருந்தனர். தேர்தல் என்பது ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை தலைவர்களைக் கணக்குக் கேட்கும் பழக்கம். அந்தப் பழக்கம் பயில வாய்ப்பில்லாத இடத்திலே தலைமை தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் சொத்துப்போல் ஆகிவிடுவது வியப்பன்று.

இதற்கிடையிலே மக்களின் தலைவிதி இரு தலைநகரங்களிலே பேசப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு பாதிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்திலே அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடுமாக ஆயிற்று.

இதே காலத்திலே மலாயாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கும் தோட்டத்திலே தமிழ்த் தொழிலாளர். அங்கும் மண்ணின் மக்களுக்கு அச்சம். இலங்கை அரசியலமைப்பை வகுப்பதில் ஆலோசகராயிருந்த ஐவர் ஜெனிங்ஸ், மலாயாவுக்கான ரீட் ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார். ஆனால் 1957ஆம் ஆண்டின் மலாயாவிலே பிரசாவுரிமைக்கான கதவு அகலத் திறந்தது. சுதந்திர தினத்திலும் அதன் பின்னரும் அம்மண்ணிற் பிறக்கும் பிள்ளை பிறப்பினாலேயே பிரசை என்று ஏற்கப்பட்டது. 1946ஆம் ஆண்டிலே தோன்றிய மலாயா இந்திய காங்கிரஸ், ஆளும் கூட்டணியில் ஓர் அங்கமாயிற்று. அங்கும் தோட்ட மக்களின் வறுமை தீர்ந்துவிடவில்லை. இனவாரிக் கட்சி முறையின் குறைகளும் நீங்கவில்லை. எனினும் கட்சிகள் அவர்கள் வாசலுக்கு வரவேண்டியிருந்தது. ஒரே சட்ட அறிஞரின் கை பட்ட இரண்டு நாடுகள் இரு வேறு வழிகளிற் சென்றன என்றால், அரசியலமைப்பின் வாசகத்தைவிட, எவரைச் சேர்த்துக்கொள்வது என்ற துணிவே பெரிதென்பது தெளிவு.

இலங்கையிலும் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1977ஆம் ஆண்டிலே, நுவரெலியா – மஸ்கெலியா என்னும் மூன்று அங்கத்தவர் தொகுதியிலிருந்து, காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். 1947ஆம் ஆண்டுக்குப்பின் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரசாவுரிமையை விரிவாக்கின. இறுதியாக எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதனை வழங்கியது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இடாப்பு மாறியதும் கட்சிகளின் போக்கும் மாறியது. விகிதாசார முறையிலே நுவரெலியா மாவட்டத்தின் தோட்ட வாக்குகள் ஆசனங்களாயின. பெருங்கட்சிகள் தோட்டத்துக் கட்சிகளைத் தேடி வந்தன. பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியை அமைத்தார். வி. கே. வெள்ளையன் 1965ஆம் ஆண்டில் நிறுவிய தொழிலாளர் தேசிய சங்கம் தேர்தற் களத்துக்கும் வந்தது. 2015ஆம் ஆண்டிலே தமிழ் முற்போக்குக் கூட்டணி உருவாயிற்று. எனினும் இவற்றிற் பலவும் சங்கத்தின் உடலையே கட்சியின் ஆடையால் போர்த்தியவை. 2024ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில், தோட்டத்துச் சங்க மரபிலே தோன்றாத தேசிய மக்கள் சக்தி நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தை வென்றது. அதனை எவ்வாறு மதிப்பிட்டாலும் ஒன்று உண்மை: சந்தா கட்டும் சங்கம் ஒன்று, வாக்களிக்கும் கட்சி ஒன்று என்று பிரித்துப் பார்க்கத் தொழிலாளர் பழகி வருகின்றனர்.

பாராளுமன்ற வாக்கு கிடைத்தபின்னும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினால், தோட்ட எல்லைக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவர்கள் பாதையைச் செப்பனிட இயலாது. 2018ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலிலேயே, பரந்து கிடந்த நுவரெலியாப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனைக்கும் கொட்டகலைக்கும் தனித்தனிச் சபைகள் வந்தன. சபை உறுப்பினருள் நான்கிலொரு பங்கு பெண்களாயிருக்க வேண்டுமென்ற விதியும் அத்தேர்தலிலேதான் நடைமுறைக்கு வந்தது. டயகமப் பெண்ணொருத்தி குடிதண்ணீர்க் குழாயைப்பற்றிப் பேசச் செல்லும் சபை அக்கரப்பத்தனையிலே இருப்பது சிறிய காரியமன்று.

புதிய மக்களாட்சிகளுக்கு மலையகம் தரும் படிப்பினை இதுவே. அரசியலமைப்பை நன்றாக எழுதிவிடலாம், நீதிமன்றங்களை அமைத்துவிடலாம், கட்சிகளுக்குப் பெயரும் கொடியும் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு சாராரை இடாப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கட்டப்படும் ஸ்தாபனங்கள், வெளியே நிற்பவரை மட்டுமன்றி உள்ளே இருப்பவரையும் கெடுக்கின்றன. உள்ளிருப்பவர் அச்சத்தைக் கொண்டு அரசியல் நடத்தப் பழகுகின்றனர்; வெளியே நிற்பவர் ஒரு தலைவரை மட்டும் நம்பி வாழப் பழகுகின்றனர். பெயரை அழிக்க ஓரிரண்டு ஆண்டு போதுமாயிருந்தது. திரும்ப எழுத ஐம்பத்தைந்து ஆண்டு பிடித்தது. அவ்விடைக்காலத்திலே படிந்த பழக்கங்கள் மாற இன்னும் எவ்வளவு காலமாகுமோ!

ஆயினும் அந்த நீண்ட இடைக்காலத்திலே மலையகம் வெறுங்கையுடன் இருக்கவில்லை. சந்தா கட்டவும், கமிட்டி கூடவும், கையெழுத்திட்டுச் சங்கம் மாறவும், தோழனுக்காக வேலையை நிறுத்தவும் அது கற்றுக்கொண்டது. மக்களாட்சியின் பழக்கங்கள், மக்களாட்சி மறுக்கப்பட்ட இடத்திலேயே உயிரோடு காக்கப்பட்டன. இன்று டயகமத் தோட்டத்துத் தொழிலாளியின் பெயர் இரண்டு ஏடுகளிலும் இருக்கிறது. செக்றோலிலே பெயரிருப்பது அன்றைய நாட்சம்பளத்துக்கு. இடாப்பிலே பெயரிருப்பது, அந்தச் சம்பளம் எவ்வளவாயிருக்க வேண்டுமென்று கேட்பதற்கு. முன்னதை எவரும் மறக்கமாட்டார். பின்னதையும் மறவாதிருத்தலே இனி வேண்டுவது.